பெயர் சொல்லிக் கேட்டால்தான் கோப்பு திறக்கும்

(நாஜி காலச் சிறைமுகாம்களை நினைவகக் காப்பகங்களின் வழி ஆராய்வது குறித்து, சமூக ஆர்வலர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஹிட்லரின் முகாம்களைப் பற்றி நமக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே நடந்ததோடு நம் நாட்டில் நடந்த எதையும் நான் சமன்படுத்தப் போவதில்லை. அப்படிச் செய்வது செத்தவர்களுக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் இயக்க வேலையில் பாதி, காகிதத்தோடு நடக்கும் போராட்டம். பிறப்புப் பத்திரம் இல்லை, அடையாள அட்டை இல்லை, தோட்டத்தில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. முகப்பில் உட்கார்ந்திருப்பவர் "ரெக்கார்டு இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். நாமும் தலையைக் குனிந்து திரும்பி வந்துவிடுகிறோம்.

இதே பதிலை ஐரோப்பாவில் லட்சக்கணக்கானவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. தங்களைக் கொல்ல நினைத்தவன் எழுதி வைத்த காகிதத்தையே தேடிப் பிடித்து, அதை வாசிக்கக் கற்று, அதைக் கொண்டே உரிமையை நிலைநாட்டினார்கள். அந்த வழியைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு அரசு வழக்குரைஞரின் கோப்பு

மியூனிக் நகருக்கு அருகில் உள்ள டாஹாவ் முகாம் 1933 மார்ச் 22ஆம் தேதி திறக்கப்பட்டது. அங்கே கொண்டுபோனவர்களை எந்த நீதிமன்றமும் தண்டிக்கவில்லை. 1933 பிப்ரவரி 28ஆம் தேதி போட்ட அவசர ஆணையைக் காட்டி, "பாதுகாப்புக் காவல்" என்ற பெயரில் காலவரையறை இல்லாமல் அடைத்தார்கள். விசாரணை இல்லாத தடுப்புக்காவல் என்றால் என்ன என்பதை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மலேசியாவில் அந்தச் சட்டம் 1960இலிருந்து 2012 வரை இருந்தது. சிங்கப்பூரில் இன்றும் இருக்கிறது.

ஏப்ரல் 12ஆம் தேதி அந்த முகாமில் நான்கு யூதக் கைதிகள் சுடப்பட்டார்கள். "தப்பி ஓட முயன்றபோது சுட்டோம்" என்றார்கள் காவலர்கள். மியூனிக்கில் துணை அரசு வழக்குரைஞராக இருந்த யோசெஃப் ஹார்ட்டிங்கர் அதை நம்பவில்லை. மருத்துவர் மோரிட்ஸ் ஃபிளாமைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குள் போனார். அடுத்தடுத்த வாரங்களில் மேலும் கைதிகள் செத்தார்கள். ஒருவர் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு தற்கொலை செய்துகொண்டார் என்று முகாம் சொன்னது. பிரேதப் பரிசோதனையோ அவர் அடித்து, கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டதைக் காட்டியது.

1933 ஜூன் 1ஆம் தேதி அரசு வழக்குரைஞர் அலுவலகம் கொலை வழக்குகளைத் தொடுத்தது. மேலிடம் வழக்குகளை முடக்கியது. யாரும் தண்டிக்கப்படவில்லை. முகாம் தலைவரை மட்டும் மாற்றினார்கள். அவருக்குப் பின் வந்தவர் இன்னும் கொடியவர். ஹார்ட்டிங்கர் தோற்றுவிட்டார் என்றுதான் அன்று எவரும் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அவர் எழுதிய காகிதம் தோற்கவில்லை. அந்த அறிக்கைகள் போர் முடிந்தபின் நூரம்பெர்க் நீதிமன்றத்தில் ஆவணங்களாகத் தாக்கலாயின. டாஹாவில் 1933லிருந்து 1945 வரை 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டார்கள். குறைந்தது 41,500 பேர் மாண்டார்கள். முதல் மாதங்களிலேயே அங்கு நடந்தது கொலைதான் என்பதற்குச் சட்டப்படியான சாட்சி, தேதியிட்டுக் கையெழுத்திட்ட அந்தப் பக்கங்கள். வெற்றி கிடைக்காது என்று தெரிந்தாலும் எழுதி வையுங்கள் என்று நான் எப்போதும் வற்புறுத்துவது இதனால்தான்.

முதலில் கேட்க வேண்டியது: எந்த வகை முகாம்?

"நாஜி முகாம்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் ஹாலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியக ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, முகாம்கள், கெட்டோக்கள் எனச் சேர்த்து 44,000க்கும் மேற்பட்ட அடைப்பிடங்கள் இருந்தது தெரிய வந்தது. இவை எல்லாவற்றையும் ஒரே துறை நடத்தவில்லை. எந்தத் துறை நடத்தியதோ, அந்தத் துறையின் காகிதத்தில்தான் கைதியின் பெயர் இருக்கும். ஆகவே ஆய்வு தொடங்கும் இடம் இதுதான்.

டாஹாவ், புகன்வால்ட் போன்ற வதைமுகாம்கள் எஸ்.எஸ். படையின் கையில் இருந்தன. போர்க்கைதி முகாம்கள் இராணுவத்தின் கீழ் இருந்தன. ஜெர்மன் இராணுவ ஆவணங்களைத் தேட இன்று ஜெர்மனியின் மத்திய ஆவணக் காப்பகத்தை அணுக வேண்டும். நீதித்துறையே நடத்திய சிறைமுகாம்கள் இன்னொரு வகை. அவற்றில் இருந்தவர்களுக்கு நீதிமன்றத் தீர்ப்பும், சிறைக் கோப்பும் இருக்கும்.

ஜெர்மனியின் வடமேற்கில், டச்சு எல்லையை ஒட்டிய எம்ஸ்லாண்ட் சதுப்பு நிலத்தில் 15 முகாம்கள் இருந்தன. அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற பத்திரிகையாளர் கார்ல் ஃபான் ஓசியெட்ஸ்கி அடைபட்டிருந்த எஸ்டர்வேகன் அவற்றில் ஒன்று. தொடக்கத்தில் வதைமுகாம்களாக இருந்தவை படிப்படியாக நீதித்துறையின் சிறைமுகாம்களாயின. போர்க்காலத்தில் இராணுவ நீதிமன்றம் தண்டித்தவர்களையும் அங்கே அனுப்பினார்கள்.

இங்கேதான் ஒரு சட்டச் சிக்கல். நீதிமன்றம் தண்டித்து உள்ளே போனவரைப் போருக்குப் பின்னும் "குற்றவாளி" என்றே சமூகம் பார்த்தது. நஷ்டஈடும் இல்லை, மரியாதையும் இல்லை. 1998இல் ஜெர்மன் நாடாளுமன்றம் நாஜி காலத்து அநீதித் தீர்ப்புகளை ரத்து செய்யச் சட்டம் இயற்றியது. படையை விட்டு ஓடியவர்களின் தண்டனைகள் 2002இல்தான் ஒட்டுமொத்தமாக ரத்தாயின. "போர்த் துரோகம்" என்ற குற்றச்சாட்டுக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. "சமூக விரோதிகள்" என்றும் "தொழில்முறைக் குற்றவாளிகள்" என்றும் முத்திரை குத்தி வதைமுகாம்களில் அடைக்கப்பட்டவர்களையும் பாதிக்கப்பட்டவர்களாக நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது 2020இல். 75 ஆண்டுகள், தோழர்களே. ஒரு முத்திரையைத் துடைக்க அவ்வளவு காலம் ஆகிறது.

எம்ஸ்லாண்ட் முகாம்களின் வரலாற்றைத் திரட்டியவர்களும் அதிகாரிகள் அல்லர். 1981இல் அங்குள்ள குடிமக்கள் சிலர் குழுவாகத் திரண்டார்கள். 1985இல் பாப்பன்பூர்க் ஊரில் ஆவண மையம் திறந்தார்கள். எஸ்டர்வேகனில் முழுமையான நினைவகம் 2011இல் எழுந்தது. முப்பது ஆண்டு உழைப்பு.

ஆரோல்சன்: அடைத்து வைக்கப்பட்ட காப்பகம்

ஜெர்மனியில் பாட் ஆரோல்சன் என்ற சிற்றூர் இருக்கிறது. போரில் காணாமற்போனவர்களைத் தேடுவதற்காக நேச நாடுகள் அமைத்த அலுவலகம் 1946இல் அங்கே வந்தது. 1948லிருந்து அனைத்துலகத் தேடுதல் சேவை என்ற பெயரில் இயங்கியது. 2019லிருந்து அதன் பெயர் ஆரோல்சன் காப்பகம். முகாம் ஆவணங்கள், கட்டாய உழைப்புப் பதிவுகள், போருக்குப் பின் வீடற்று நின்ற அகதிகளின் கோப்புகள் என ஏறத்தாழ 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றிய விவரங்கள் அங்கே உள்ளன. பெயர் அட்டவணையில் மட்டும் சுமார் 5 கோடி அட்டைகள். 2013இல் யுனெஸ்கோ இதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

பல்லாண்டு காலம் இந்தக் காப்பகத்தை ஆய்வாளர்கள் அண்ட முடியவில்லை. பாதிக்கப்பட்டவரும் குடும்பத்தாரும் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். பதில் வரப் பல ஆண்டுகள் ஆன கதைகள் உண்டு. தனிநபர் இரகசியம் காக்கிறோம் என்பது சொல்லப்பட்ட காரணம். உயிர் தப்பியவர்களும் ஆய்வாளர்களும் நெருக்குதல் கொடுத்தார்கள். காப்பகத்தைக் கண்காணித்த 11 நாடுகளும் ஒப்புக்கொண்ட பிறகு, 2007 நவம்பரில்தான் கதவு திறந்தது.

தாமதம் என்றால் வெறும் மனவருத்தம் மட்டும் அல்ல. கட்டாய உழைப்பு வாங்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தர ஜெர்மனி 2000இல் ஓர் அறநிதியை அமைத்தது. 2007 வரை சுமார் 16 லட்சத்து 60 ஆயிரம் பேருக்குப் பணம் கிடைத்தது. விண்ணப்பித்தவரிடம் கேட்ட முதல் கேள்வி: "நீங்கள் அங்கே இருந்ததற்கு என்ன ஆதாரம்?" அந்த ஆதாரம் பலருக்கு ஆரோல்சன் அலமாரியில் இருந்தது. அவர்களோ எண்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்று அங்குள்ள ஆவணங்களில் பெரும்பகுதி இணையத்தில் இருக்கிறது. கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ உட்கார்ந்து நீங்களே ஒரு பெயரைத் தட்டிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. ஒவ்வொரு வகை அட்டையும் என்ன, அதில் உள்ள சுருக்கெழுத்துக்கு என்ன பொருள் என்று விளக்கும் வழிகாட்டியும் இணையத்தில் இருக்கிறது. 2020லிருந்து உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே பழைய அட்டைகளைப் பார்த்துப் பெயர்களைக் கணினியில் ஏற்றி வருகிறார்கள்.

எப்படி வாசிப்பது?

ஆவணம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது போல அதை விசாரிக்க வேண்டும். ஐந்து விஷயங்களை மனத்தில் வையுங்கள்.

ஒன்று, பெயரின் எழுத்துக்கூட்டல். போலந்துக்காரர் பெயரை ஜெர்மானியர் காதில் விழுந்தபடி எழுதினார். ரஷ்யப் பெயர் மூன்று விதமாக மாறியது. அதனால்தான் ஆரோல்சன் அட்டவணையை ஒலிப்பை வைத்து அடுக்கியிருக்கிறார்கள். நமக்கு இது புதிதா? ஒரே மாரியம்மாவை நான்கு பத்திரங்களில் நான்கு விதமாக எழுதிய நாடு இது. ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்கவில்லை என்றால் அடுத்ததைப் போடுங்கள். பிறந்த தேதியையும் ஊரையும் சேர்த்துத் தேடுங்கள்.

இரண்டு, கைதி எண். எண் கிடைத்தால் ஆள் கிடைத்துவிட்டார் என்று பொருளல்ல. புகன்வால்டில் ஒருவர் இறந்தால் அவர் எண்ணை அடுத்து வந்தவருக்குக் கொடுத்தார்கள். ஒரே எண்ணுக்குப் பின்னால் பல மனிதர்கள். எண்ணைத் தேதியோடு வைத்துப் பாருங்கள்.

மூன்று, முத்திரை. சிவப்பு முக்கோணம் அரசியல் கைதி, பச்சை குற்றவாளி, கறுப்பு சமூக விரோதி, இளஞ்சிவப்பு ஓரினச் சேர்க்கையாளர், ஊதா யெகோவாவின் சாட்சிகள். இது அடைத்தவன் கொடுத்த பெயர். அவனுடைய சொல்லை உங்கள் கட்டுரையில் நீங்களும் எழுதிவிடாதீர்கள்.

நான்கு, பொய். மவுத்தவுசன் முகாமின் மரணப் பதிவேடு 1945 டிசம்பரில் நூரம்பெர்க் நீதிமன்றத்தில் காட்டப்பட்டது. 1945 மார்ச் 19 என்ற ஒரே தேதியில், அதிகாலை 1.15 முதல் பிற்பகல் 2 மணி வரை 203 பேர் இறந்ததாக அதில் எழுதியிருந்தது. எல்லோருக்கும் இதய நோய். அதைவிட, அவர்கள் பெயரின் அகர வரிசைப்படி இறந்திருக்கிறார்கள்! மரணத்துக்கு அகர வரிசை தெரியுமா? ஒரு வரியை மட்டும் பார்த்தால் அது நோயினால் வந்த மரணம். முழுப் பக்கத்தையும் பார்த்தால் கொலை. ஒரு தாளை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். முன்னும் பின்னும் உள்ள பக்கங்களையும் கேளுங்கள்.

ஐந்து, இல்லாத பெயர். ஆவுஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனவர்களில் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அந்த முகாமில் கைதிகளாகப் பதியப்பட்டவர்களோ ஏறக்குறைய 4 லட்சம் பேர்தான். இரயிலிலிருந்து இறங்கியதும் நச்சுவாயுக் கூடத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு எண்ணும் இல்லை, அட்டையும் இல்லை. டாஹாவ் அருகே ஹெபர்ட்ஸ்ஹவுசனில் 1941லும் 1942லும் சுட்டுக்கொல்லப்பட்ட 4,000க்கும் மேற்பட்ட சோவியத் போர்க்கைதிகளும் முகாம் பதிவேட்டில் ஏறவில்லை. பெயர் இல்லாததால் ஆள் இல்லை என்று ஆகிவிடாது. இரயில் பட்டியலில், சொந்த ஊர்ப் பதிவில், தப்பித்தவரின் வாக்குமூலத்தில் தேட வேண்டும்.

கோப்பைக் கேட்டு உண்ணாவிரதம் இருந்தவர்கள்

சிறுபான்மை உரிமை பேசும் நாம் அறிந்தே ஆக வேண்டிய ஒரு போராட்டம் உண்டு. ஜெர்மனியில் பல நூற்றாண்டுகளாக வாழும் ரோமா இனத்தின் ஒரு பிரிவினரைச் சின்டி என்பார்கள். அவர்களின் மொழி வட இந்திய மொழிகளின் வேரிலிருந்து கிளைத்தது. நாஜிகளும் அவர்களின் கூட்டாளிகளும் ஐரோப்பாவெங்கும் கொன்ற சின்டி, ரோமா மக்களின் எண்ணிக்கை 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது.

போர் முடிந்தது. தப்பியவர்கள் நஷ்டஈடு கேட்டார்கள். 1956 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? 1940இல் அவர்களை நாடு கடத்தியது இனவெறியால் அல்ல, குற்றத் தடுப்பு நடவடிக்கையாம்! நாஜிப் போலீசு எழுதிய காரணத்தை நீதிபதிகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்யாமல் வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1963இல் அந்த நீதிமன்றமே தன் நிலையை ஓரளவு மாற்றிக்கொண்டது. அதற்குள் பலரின் மனுக்கள் தள்ளுபடியாகிவிட்டன.

அதோடு நிற்கவில்லை. மியூனிக்கில் போலீசு 1970 வரை "நாடோடிகள்" என்ற பெயரில் தனிப் பிரிவு வைத்து, நாஜி காலத்துக் கோப்புகளையும் பயன்படுத்தி அவர்களைக் கண்காணித்து வந்தது. அந்தக் கோப்புகள் எங்கே?

1980 ஏப்ரல் 4, புனித வெள்ளி. சின்டி மக்களில் பன்னிரண்டு பேர் டாஹாவ் நினைவகத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அவர்களில் முகாமிலிருந்து தப்பியவர்களும் இருந்தார்கள். எங்களுக்கு நடந்தது இனக்கொலை என்று ஒப்புக்கொள்ளுங்கள், எங்களைப் பற்றிய கோப்புகள் எங்கே என்று சொல்லுங்கள், இவைதாம் கோரிக்கைகள். கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்றது மாநில அரசு. அவர்கள் நம்பவில்லை.

1981 செப்டம்பர் 1ஆம் தேதி ஒரு குழுவினர் டூபிங்கன் பல்கலைக்கழகக் காப்பகத்துக்குள் போய் அமர்ந்துகொண்டார்கள். நாஜி காலத்து "இன ஆய்வாளர்கள்" அவர்களின் தாத்தா பாட்டிகளின் தலையை அளந்து, வம்சாவளி எழுதி வைத்த ஆவணங்கள் அங்கே இருந்தன. போர் முடிந்து 36 ஆண்டுகள் ஆகியும் அவற்றை ஆய்வுப் பொருளாக வைத்திருந்தார்கள்! அன்றே அந்த ஆவணங்கள் கோப்லென்ஸில் இருந்த மத்திய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டன. அடுத்த ஆண்டு, 1982 மார்ச் 17ஆம் தேதி, பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் அது இனக்கொலையே என்று அரசின் சார்பில் ஏற்றுக்கொண்டார்.

சின்னஞ்சிறு சமூகம். வாக்கு வங்கி இல்லை, பணம் இல்லை. அவர்கள் கேட்டது சிலையோ மண்டபமோ அல்ல, கோப்பு. தங்கள் வரலாற்றுக்கான காகிதம் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் தங்கள் உரிமையும் இருக்கிறது என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

இனி நம் வீட்டுக்கு வருவோம். அதே போரில், சயாம் மரண ரயில்பாதை போட ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களை வாரிக்கொண்டு போனார்கள். அங்கே மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டவர்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் பர்மாவின் தன்பியூசயாட்டிலும் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக மாண்ட ஆசியத் தொழிலாளர்களுக்கு, அவர்களில் பெருந்தொகையான தமிழர்களுக்கு, அப்படிப்பட்ட பெயர்ப்பட்டியல் இல்லை. போர்க்கைதிகளின் பெயர்கள் நிலைத்ததற்குக் காரணம், இராணுவம் பட்டியல் வைத்திருந்தது. கைதிகளும் மறைத்து வைத்து எழுதினார்கள். போர் முடிந்ததும் தேடி வந்தார்கள். நம்மவர்களைத் தேடி யார் போனார்கள்?

ஆவுஷ்விட்ஸில் அட்டை இல்லாதவர்களுக்காகச் செய்த வேலையை நாமும் செய்யலாம். தோட்டத்துச் செக்ரோல் புத்தகம், ஆலயத்து நன்கொடை ஏடு, பள்ளிப் பதிவேடு, போருக்குப் பின் விதவைகள் எழுதிய மனுக்கள், தாத்தா சொல்லிப் பாட்டி கேட்ட கதை, இவை யாவும் ஆவணங்களே. உங்கள் தோட்டத்தில் யார் யார் போனார்கள், யார் திரும்பவில்லை என்று இப்போதே எழுதுங்கள். பெயர், ஊர், ஏறத்தாழ வயது, சொன்னவர் பெயர், சொன்ன தேதி. பிறகு தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள்; இலண்டன் காப்பகங்களுக்கு எழுதுங்கள். "எல்லாத் தமிழர்களைப் பற்றியும்" என்று கேட்டால் பதில் வராது. ஒரு பெயர், ஒரு தோட்டம், ஓர் ஆண்டு என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். "இல்லை" என்ற பதிலாக இருந்தாலும் தேதியும் கையெழுத்தும் இருக்கட்டும். அதுவும் நாளைக்கு ஓர் ஆவணம்.

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பெயரோடு வாருங்கள். உங்கள் குடும்பத்திலிருந்தோ, அண்டை வீட்டிலிருந்தோ, போனவர் ஒருவரின் பெயர் போதும். அதை வைத்து முதல் கடிதத்தை நாம் சேர்ந்தே எழுதுவோம்.